கரி பஸ் பந்தயமும் ஒரு வார்த்தைத் தகராறும்

அருப்புக்கோட்டைச் சீமையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை, பஸ்ஸைத் தள்ளச் சொன்னதுதான்.

“கொளும்பய்யா, நீங்களும் ஒரு கை குடுங்க” என்றார் கண்டக்டர். நான் யாழ்ப்பாணத்தான். கொழும்பு நான் சில வருஷம் வேலை பார்த்த ஊர், அவ்வளவுதான். ஆனால் அக்கரையிலிருந்து கப்பலேறி வருகிற எவனும் இங்கே கொளும்புக்காரன். திருத்திப் பார்த்தேன். “சரிய்யா, யாப்பாணம் கொளும்புல எந்தத் தெரு?” என்று கேட்டார். பேசாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளினேன்.

பாலவனத்தம் தாண்டி ஒரு சின்ன மேடு. அதற்கே பஸ் நின்றுவிட்டது. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை. அதற்குள் வேலங்கரி கனன்றுகொண்டிருந்தது. பெட்ரோலுக்குப் பதிலாக அந்தக் கரி கக்குகிற வாயுவைக் குடித்துத்தான் இஞ்சின் ஓட வேண்டும். கிளீனர் கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்றடித்தார், கம்பியால் குத்தினார், உலையின் பரம்பரையையே திட்டினார். நாங்கள் தள்ளினோம். பஸ் இருமியது, பிறகு நகர்ந்தது. எல்லாரும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டோம். என் வேட்டி கரிசல் மண்ணின் நிறத்துக்கு வந்திருந்தது.

யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்கு ரேஷன் தீராத நாட்கள் அவை. ஊரில் என்னிடமும் ஒரு பஸ் இருந்தது. கூப்பன் கிடைத்த நாளில் ஓடும். கிடைக்காத நாளில் அதற்குள் கோழி அடையும். ஒரு கரி உலை வாங்கிப் பூட்டிவிட்டால் எவன் தயவும் வேண்டாம் என்று தீர்மானித்துத்தான் கடல் தாண்டி வந்தேன். நான் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

வரச் சொன்னவன் முத்திருளன். கொழும்பில் ஒரே பட்டறையில் ஸ்பானர் பிடித்தோம், ஒரே அறையில் பாய் விரித்தோம். கொழும்பில் குண்டு விழுந்த கையோடு ஊர் திரும்பி, இப்போது திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே சொந்தமாக ஒரு கரி பஸ் ஓட்டுகிறான். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஏலே கந்தையா, சரியான நேரத்துக்கு வந்துருக்க. திருச்சுழிக் கண்மாய்ல கரி பஸ்ஸுப் பந்தயம். எந்த ஒல நல்லாப் பாயுதுன்னு பாத்துட்டு வாங்கு” என்றான்.

அவன் மனைவி பேச்சியம்மா குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். அரிசிக்கும் ரேஷன்தான், ஆனால் அந்தச் சோற்றுக்கு அரிசியை நினைக்கவே தோன்றவில்லை. ஒன்று மட்டும் இடித்தது. “தங்கச்சி, குழம்பிலை தேங்காய்ப்பால் விடேல்லையோ?” என்று கேட்டுவிட்டேன்.

“தேங்காய்க்கு நா எங்கண்ணே போவேன்? இந்தச் சீமையில தென்னமரத்தப் பாக்கணும்னா திருவிழாவுக்குக் குருத்தோலை கட்டுற அன்னைக்குத்தான் பாக்கணும்” என்றாள். எங்கள் ஊரில் தண்ணீரை விட்டுவிட்டுக்கூடச் சமைப்பார்கள், தேங்காயை விடமாட்டார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. 

சாப்பிட்டு முடிந்து படுக்கப் போகையில், “விளக்கை நூர்த்துவிடட்டோ?” என்றேன். புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“பஞ்சத்தான நூப்பாக. வெளக்க எப்படிண்ணே நூக்க?” என்றாள் பேச்சியம்மா.

இங்கே நூப்பது என்றால் பஞ்சை நூலாக்குவது; யாழ்ப்பாணத்தில் விளக்கை நூர்ப்பது என்றால் அணைப்பது என்று விளக்கினேன். அவள் உடனே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அணைப்பது என்ற சொல் வீட்டுக்கு ஆகாதாம். விளக்கை அமத்த வேண்டும், குளிர வைக்க வேண்டும். அமர்த்துவதைத்தான் இங்கே அமத்துவது என்கிறார்கள். சரி, உங்கள் விளக்கு, உங்கள் வார்த்தை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பஸ்ஸிலேயே கண்மாய்க்குப் போனோம். பானை, பாய், ஒரு சேவல், ஒரு சாக்குக் கரி, நாங்கள் மூவர். ஆனி மாதம். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கண்மாய்த் தரை காய்ந்து இறுகிக் கிடந்தது. எங்கள் ஊர்க் கடற்கரை வெளியைப் போல அவ்வளவு விரிவு. கரையோரம் முழுக்கச் சனம். மல்லாங்கிணற்றிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்த பஸ்ஸும் லாரியும் ஒரு வரிசை, கூண்டு வண்டிகள் ஒரு வரிசை, பட்டாளத்துக்காரன் விற்றுவிட்டுப்போன பச்சைக் கூடாரங்கள் ஒரு வரிசை. பந்தயம் முடிகிற வரை அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. பனைமரம் மட்டும் என்னைக் கண்டு உறவு கொண்டாடியது.

நுழைவாயிலில் கயிறு கட்டி, ஒரு ஹவில்தார் நின்றிருந்தார். பர்மாப் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டிவிட்டு வந்த உள்ளூர்க்காரர். மீசை இன்னும் பட்டாளத்திலேயே இருந்தது. போன வருஷப் பந்தயத்தில் எவனோ வைக்கோல் வண்டிக்கடியில் அடுப்பு மூட்டி, இரண்டு கூடாரமும் ஒரு மாடும் வெந்துபோயினவாம். அதனால் இந்த வருஷம் கண்டிப்பு. வண்டியை ஓட்டுகிறவன் பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுவார். முத்திருளன் அப்போது உலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் பேச்சியம்மாவைக் கேட்டார்.

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, “முன்பாதி கடல்ல எடுக்குறது, பின்பாதி அமாவாசைக்கு வர்றது” என்றாள்.

“ஏத்தா, இது ராணுவ ரகசியமா? பேரச் சொல்லு.”

“அவுக பேர நா எப்படிச் சொல்ல?”

ஹவில்தார் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். “முத்து... இருட்டு... முத்திருளனா? போ உள்ள!” என்று கயிற்றைத் தாழ்த்தினார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

உள்ளே போனால் சட்டத்துக்கு மேல் சட்டம். வைக்கோலெல்லாம் கரைக்கு அந்தப்புறம். சோறு பொங்குவது காற்று போகிற திசையில், ஓரிடத்தில் மட்டும். வண்டிக்கு ஒரு குடம் தண்ணீர், ஒரு குவியல் மணல். மாட்டைச் சக்கரத்தோடு கட்டக்கூடாது; இழுத்தவுடன் அவிழ்கிற முடிச்சுப் போட வேண்டும். சுருட்டுக் குடிக்கிறவர்கள் கரை மேல் ஏறித்தான் குடிக்க வேண்டும் என்றபோது எனக்குக் கோபம் வந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கு இப்படியொரு அவமானம் எந்தத் துறைமுகத்திலும் நடக்கவில்லை. கரை மேல் ஏறிக் குடித்தேன். காற்று நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டங்களைத் தமுக்கடித்துச் சொல்ல ஒருவர் இருந்தார். கடைசிச் சட்டத்தில்தான் தகராறு வந்தது.

“ஓட்டம் முடிஞ்சதும் கரி ஒலயெல்லாம் அணைச்சிரணும். அணைக்காத வண்டியில எவனும் படுக்கப்படாது” என்றார் ஹவில்தார். தமுக்குக்காரர் கோலை ஓங்கினார். அதற்குள் ஒரு கை வந்து கோலைப் பிடித்தது. அது பந்தயக் கமிட்டித் தலைவர் சௌடய்யாவின் கை. அருப்புக்கோட்டையில் நிறையத் தறி வைத்திருப்பவர்; அவர் பஸ்ஸும் பந்தயத்தில் ஓடுகிறது. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். கோபம் வந்தால் இரண்டும்.

“அந்த வார்த்தை வேணாம்ங்க. காலையிலதான் அத்தனை ஒலைக்கும் குங்குமம் வச்சு, மால போட்டு, சூடம் காட்டிருக்கோம். சாமி மாதிரி கும்புட்டுட்டு, அத அணைன்னு ஊருக்கே தமுக்கடிக்கிறதா? தறிக்காரன் காதுல விழுற வார்த்தையா இது?”

“பெறகு என்னன்னு சொல்ல?”

“அமத்தணும்னு சொல்லுங்க. வீட்டு வெளக்குக்கு அப்படித்தான சொல்றோம்?”

ஹவில்தார் மீசையைக் கடித்தார். “அமத்து, கிமத்து, எதையோ சொல்லிக்கங்க. நெருப்பு இருக்கப்படாது. அம்புட்டுத்தான் எனக்கு” என்றார். தமுக்கு முழங்கியது. உலைகளை அமத்திவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று கண்மாய் முழுக்கக் கேட்டது. ஒரு சொல்லுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைக் கூட்டத்தில்கூட இவ்வளவு சுவாரசியம் இல்லை.

அன்றைக்கு ஒத்திகைதான். ஓட்டம் என்று அவர்கள் சொன்னார்கள். நான் கூடவே நடந்திருந்தாலும் மூன்றாவதாக வந்திருப்பேன். ஆனால் கரி பஸ்ஸின் வீரம் வேகத்தில் இல்லை, கிளம்புவதில் இருக்கிறது. விசில் ஊதியதும் கிளீனர்கள் கைச்சக்கரத்தை வெறி பிடித்தவர்கள் மாதிரி சுற்ற வேண்டும். எந்த உலை முதலில் சூடேறி வாயு விடுகிறதோ அந்த வண்டி முதலில் பாயும். கண்மாயை மூன்று சுற்று சுற்றி வர வேண்டும். சனம் கத்திய கத்தில் பனைமரத்துக் காகமெல்லாம் பறந்துபோயின. முத்திருளன் கரியை அள்ளிப் போடுகிற அழகைப் பார்த்தபோது, ஜெயிக்கப் போகிறவன் இவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஓட்டத்தில் அப்படியே நடந்தது. முத்திருளன் முதலாவது, சௌடய்யாவின் வண்டி இரண்டாவது. சாயங்காலம் இறுதி ஓட்டம். மத்தியானம் சோறு தின்றதும் கண்மாய்க்குள்ளிருந்து புழுதிக் காற்று கிளம்பியது. ஆனிக் காற்றுக்கு இங்கே வெட்கமே கிடையாது. வாயைத் திறந்தால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேச்சியம்மா பஸ்ஸின் தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டினாள். வண்டிகளெல்லாம் கரையைப் பார்த்து மூக்கை வைத்து நின்றன; உலையிருக்கிற பின்பக்கம்தான் காற்றுக்கு எதிரே.

ஹவில்தார் வண்டி வண்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். “என்னப்பா, அமத்தியாச்சா?”

“அமத்தியாச்சுங்க” என்றான் முத்திருளன். அவன் அமத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காற்றுத் துவாரத்தை மூடினான், கனலின் மேல் சாம்பலைத் தள்ளினான், உலை மூடியைச் சாத்தினான். கரி பஸ் ஓட்டுகிறவர்கள் மொழியில் அமத்துவது அதுதானாம். நெருப்பு உள்ளே உறங்கிக் கிடக்கும், சாயங்காலம் நாலு சுற்றுச் சுற்றினால் விழித்துக்கொள்ளும். அத்தனை டிரைவர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். எவனும் ஏமாற்றவில்லை. சொன்ன வார்த்தையைச் சொன்னபடி கேட்டார்கள்.

மற்றவர்கள் மர நிழலில் சாய்ந்தார்கள். முத்திருளனும் பேச்சியம்மாவும் பஸ்ஸுக்குள் பாய் விரித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். உலையின் வெக்கை எனக்கு ஆகாது; நான் பதநீர் தேடிப் போனேன். கரைக்கு அப்பால் ஒருவர் பனையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பதநீருக்கு இது தங்கச்சி முறை. இனிப்புக் கொஞ்சம் அதிகம், பேச்சும் அதிகம். அங்கே உட்கார்ந்து இரு கரைப் பனைகளைப் பற்றியும் வாதாடிவிட்டு, நண்பர்களுக்கும் ஓலைப் பட்டையில் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

“முத்திருளு, எழும்படா, பதநீர்” என்றேன். பதில் இல்லை. தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கினேன். இருவரும் நல்ல தூக்கம். முகம் சிவந்து, பார்க்க அழகாகக்கூட இருந்தார்கள். சீட்டின் காலில் கட்டியிருந்த சேவல் கழுத்தைத் தொங்கவிட்டுக் கிடந்தது. ராத்திரிக் குழம்புக்கு இதை யார் இப்போதே அறுத்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் கழுத்தில் வெட்டே இல்லை.

பதநீர் கையிலிருந்து விழுந்தது. வாசனையில்லாத, கண்ணுக்குத் தெரியாத அந்த உலை வாயு காற்றோடு வண்டிக்குள் போய், தார்ப்பாய்க்குள் அடைந்து, இருவரையும் தின்றுகொண்டிருந்தது. நான் தார்ப்பாயைப் பிய்த்து எறிந்தேன். வாய்க்கு வந்த மொழியில் கத்தினேன்.

“நூருங்கோ! உலையை நூருங்கோ! ஓடி வாங்கோ!”

சனம் எழுந்து பார்த்தது. “என்னது நூறு?” என்றார் ஒருவர். “கொளும்பய்யா எதையோ எண்ணச் சொல்றாரு” என்றார் இன்னொருவர். ஒரு நெசவாளர், “இந்நேரத்துல எத நூக்க?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் என் தாய்மொழி என்னைக் கைவிட்டது. ஹவில்தார் மட்டும் என் முகத்தைப் பார்த்து ஓடி வந்தார்.

அவருக்கு ஒரு பார்வையே போதுமாயிருந்தது. “தண்ணி ஊத்தாதீக, இன்னும் வாயு கக்கும்! வண்டியத் தள்ளு! ஆளத் தூக்கு!” என்று அலறினார். இருவரையும் தூக்கிக் கரை மேல் காற்றுக்கு எதிரே கிடத்தினோம். பாதிப் பேர் பஸ்ஸைக் கரையோரமாகத் தூரத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சௌடய்யா சரிகை வேட்டியோடு தோள் கொடுத்துத் தள்ளினார்.

பேச்சியம்மா முதலில் அசைந்தாள். வாந்தியெடுத்தாள், எழுந்து உட்கார்ந்தாள், தலையைப் பிடித்துக்கொண்டாள். முத்திருளன் அசையவில்லை. மூச்சு நூலளவு இருந்தது. ஹவில்தார் அவன் நெஞ்சை அமுக்கினார், கையைத் தூக்கி இறக்கினார், கன்னத்தில் அடித்தார். நான் அவன் காலைத் தேய்த்தேன். கொழும்பில் நான் காய்ச்சலில் கிடந்தபோது என் காலை அவன் இப்படித்தான் தேய்த்தான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

“காதுல விழுற மாதிரி கூப்புடுங்க. விடாமக் கூப்புடுங்க” என்றார் ஹவில்தார். நாங்கள் கூப்பிட்டோம். ஊரே கூப்பிட்டது. அவன் இமைகூட அசையவில்லை. பேச்சியம்மா தவழ்ந்து வந்து அவன் காதருகே குனிந்து, “இந்தாங்க... இந்தாங்க... எந்திரிங்க” என்றாள். மறுபடி, “இந்தாங்க” என்றாள். பிறகு அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்மாய்க்கு அந்தக் கரையிலும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“முத்திருளா! ஏலே முத்திருளா! எந்திரிலே!”

அவன் இமை துடித்தது. அவள் இன்னொரு தரம் கத்தினாள். நெஞ்சு ஒரு முறை பெரிதாக எழும்பியது, இருமினான். கண்ணைத் திறக்காமலேயே, நாக்குக் குழற, “எவடி அவ... எம் பேரச் சொல்றது?” என்றான்.

பேச்சியம்மா அவன் நெஞ்சில் தலையை வைத்து அழுதாள். சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஹவில்தார் தன் மீசையைத் துடைத்தார். இறுதி ஓட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை கரை மேல் கமிட்டி கூடியது. முத்திருளன் தலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டு பனையடியில் சாய்ந்திருந்தான். நேற்று அவன் பட்ட பாட்டை நினைத்துப் பந்தயமே வேண்டாம் என்றார்கள் சிலர். ஹவில்தார் ஒத்துக்கொள்ளவில்லை.

“பந்தயம் நடக்கட்டும், சனமும் தங்கட்டும். சட்டத்த இறுக்குவோம். பட்டாளத்துல குளிருக்குக் கூடாரத்த மூடிக்கிட்டு, உள்ள கரிச்சட்டி வச்சுத் தூங்குனவக விடிஞ்சு எந்திரிக்கல. நா கண்ணால பாத்தவன். இனி ஒலயக் காலி பண்ணணும், கனல மண்ணுல கொட்டி மூடணும், ஒல வாயத் தெறந்து போடணும். அப்பக்கூட வண்டிக்குள்ள எவனும் படுக்கக் கூடாது. படுக்கை எல்லாம் காத்து வர்ற பக்கம், பனங்காட்டுக்குள்ள. ஆனா ஒண்ணு, அமத்துன்னு சொல்ல விடமாட்டேன். அணைன்னு நேராச் சொல்லணும்.”

எல்லாரும் சௌடய்யாவைப் பார்த்தார்கள். இரவெல்லாம் தூங்காத முகம். “எம்மேல தப்புத்தான். நெசந்தான். ஆனா அந்த வார்த்த... நாக்கு வர மாட்டேங்குதே” என்றார். பொய் சொல்கிறவர் அப்படி வியர்க்க மாட்டார்.

பனையடியிலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. “எம் புருசன் பேரையே நா ஊரு முன்னால சொல்லிப்புட்டேன். இவுகளுக்கு ஒரு அடுப்பு வார்த்த சொல்ல நாக்கு வரலையாக்கும்!”

சௌடய்யா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “கொளும்பய்யா, நேத்து நீங்க என்னமோ கத்துனீகளே, அது என்ன வார்த்த?” என்று கேட்டார்.

“நூர். விளக்கை நூர்க்கிறது, அடுப்பை நூர்க்கிறது. முழுக்க இல்லாமச் செய்யிறது. எங்கடை ஊரிலை அதுக்கு வேறை கருத்தே இல்லை.”

“செஞ்சு முடிச்சா என்ன சொல்லுவீக?”

“நூர்த்தாச்சு எண்டு சொல்லுவம்.”

அதைப் பேச்சு வேகத்தில் ‘நூத்தாச்சு’ என்றுதான் சொன்னேன். சௌடய்யா அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தார். “நூத்தாச்சு... நூத்தாச்சு...” அவர் முகம் விரிந்தது. “அய்யா, நூல் நூத்தாச்சுன்னா தறிக்காரனுக்கு அதைவிட நல்ல வார்த்த இருக்கா? பஞ்சு முழுக்கத் தீந்து, கையில மிச்சமில்லாம முடிஞ்ச வேலையில்ல அது!”

“மிச்சமில்லாம. அதான் எனக்கு வேணும்” என்றார் ஹவில்தார். “ஓட்டுறவுக எவனுக்கும் ஒல விசயத்துல இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் தெரியாது. ஏமாறவும் வழியில்ல.”

அப்படியாக யாழ்ப்பாணத்து அடுப்படிச் சொல் ஒன்று திருச்சுழிக் கண்மாயில் சட்டமாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை எழுதுகிற இப்போதும் தாங்கவில்லை. தமுக்குக்காரர் புதுச் சட்டத்தை முழக்கினார். முதலில் சனம் சிரித்தது. மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. ஹவில்தார் ஒவ்வொரு வண்டியாக நின்று, “நூத்தாச்சா?” என்பார். “நூத்தாச்சு!” என்று பதில் வரும். அவர் அதோடு விடவில்லை. திறந்துகிடக்கிற உலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். நெசவாளர் குடும்பத்துப் பெண்கள் அந்தப் பதிலைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னார்கள்.

முத்திருளனை அன்று ஓட்ட விடவில்லை. வாயு குடித்தவன் வண்டியைத் தொடக்கூடாது என்பதும் அன்று காலை போட்ட சட்டம்தான். இறுதி ஓட்டத்தில் மல்லாங்கிணற்று லாரி ஒன்று ஜெயித்தது. அவன் பனையடியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். “அது எம் பரிசுலே” என்று என்னிடம் ஒரு முறை சொன்னான். எனக்கும் வருத்தம்தான். உலகத்திலேயே மெதுவான பந்தயத்தில் என் சிநேகிதன் ஜெயித்தான் என்று ஊரில் போய்ச் சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன்!

எனக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. உலை வாங்குவதா, வேண்டாமா? அதை நினைத்தாலே சேவலின் கழுத்து ஞாபகம் வந்தது. பேச்சியம்மாதான் தெளிவித்தாள். “வாங்கிட்டுப் போங்கண்ணே. ஒல என்ன பண்ணும்? அது வேலைய அது பாக்குது. நீங்க தூங்குற எடத்த மட்டும் மாத்திக்கங்க” என்றாள். மறுநாள் அருப்புக்கோட்டைப் பட்டறையில் நல்லதாக ஒன்றைத் தட்டிப் பார்த்து வாங்கினேன்.

அதை விருதுநகர் ரயிலடியில் ஏற்றிவிட முத்திருளனும் என்னோடு வருவதாக ஏற்பாடு. விருதுநகர் போகிற பஸ் மேல் உலையைக் கட்டி முடித்தார்கள். பேச்சியம்மா வழிக்குக் காராச்சேவு ஒரு பொட்டலமும், தேங்காய் இல்லாத புளிச்சோறும் கொடுத்தாள். தேங்காய் இல்லை என்பதை அவளே நினைவூட்டினாள். பஸ்ஸுக்குக் கீழே நின்றபடி, இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததை முத்திருளனிடம் கேட்டேன்: அன்றைக்குக் கிடந்தபோது என்ன தெரிந்தது?

“ஒண்ணுமே தெரியலைலே. நல்ல தூக்கம். எந்திரிக்கவே மனசில்ல. நீங்கல்லாம் கத்துனது எங்கயோ தூரத்துல கேட்டுச்சு. கத்திட்டுப் போறாங்கன்னு கெடந்தேன். அப்ப இவ கொரலுல எம் பேரு கேட்டுச்சு. இவ வாயில எம் பேரு வருதுன்னா விசயம் ரொம்பப் பெருசாத்தான் இருக்கும்னு நெனச்சேன். சரி, என்னன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வருவோம்னு வந்தேன்.”

கண்டக்டர் விசில் ஊதினார். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முத்திருளன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பேச்சியம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

“எம் பேரச் சொல்லி ஏறச் சொல்லு. அப்பத்தான் ஏறுவேன்.”

பஸ் முழுக்கக் காத்திருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“அது ஒங்க உசுருக்குச் சொன்னது. பஸ்ஸுல ஏத்துறதுக்கெல்லாம் இம்புட்டுத்தான்: முன்பாதி கடல்ல எடுக்குறது, பின்பாதி அமாவாசைக்கு வர்றது, ஏறுங்க!”

ஏறினான்.